பிளஸ் டூ மின்சாரமும் காந்தமும்: டெரிவேஷன் ஒப்பிக்கிற பையனுக்குக் கணக்கு வராதபோது என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது: "நான் எம்.எஸ்சி. இயற்பியல் முதலாம் ஆண்டு. சித்தி மகன் பிளஸ் டூ, உயிரியல்-கணிதம் பிரிவு, மாநிலப் பாடத்திட்டம். காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் மட்டும் மதிப்பெண் மிகக் குறைவு. டெரிவேஷன் கேட்டால் கடகடவென்று எழுதிவிடுகிறான். கணக்கில் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலும் முழிக்கிறான். வாரம் இரண்டு நாள் உட்காரச் சொல்லி சித்தி கேட்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?"

முதலில் ஒன்று: இது சோம்பலோ அக்கறையின்மையோ இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் முதல் தொகுதியை எடுத்துப் பாருங்கள். நிலை மின்னியல், மின்னோட்டவியல், காந்தவியல், மின்காந்தத் தூண்டலும் மாறுதிசை மின்னோட்டமும், மின்காந்த அலைகள் என்று ஐந்து அலகும் ஒரே விஷயம்தான். பதினொன்றாம் வகுப்பில் சாய்தளத்தில் கட்டை வழுக்கியது, பந்து பறந்தது, ஊசல் ஆடியது. எல்லாம் கண்ணால் பார்த்தவை. இங்கே மின்புலத்தை யாரும் பார்த்ததில்லை, மின்னழுத்தத்தை யாரும் தொட்டதில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி மாணவன் தனக்குள் ஒரு படம் போட்டு வைத்திருப்பான். அந்தப் படம் தப்பாக இருந்தால் எத்தனை சமன்பாட்டைச் சொல்லிக் கொடுத்தாலும் மேலே ஒட்டாது. ஒப்பிக்க மட்டும் வரும்.

அதனால் உங்கள் முதல் வேலை பாடம் நடத்துவது இல்லை. அவன் மனதில் என்ன படம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதுதான். பேனா அவன் கையில் இருக்கட்டும். நீங்கள் கேளுங்கள், அவன் வரையட்டும், வாய்விட்டுச் சொல்லட்டும். உங்களை அக்கா என்று கூப்பிடுகிற பையன் வகுப்பில் கேட்கக் கூச்சப்படுவதை உங்களிடம் கேட்பான். வீட்டு டியூஷனில் கிடைக்கிற பெரிய வசதி இது. நீங்களே நோட்டை வாங்கி மளமளவென்று கணக்குப் போட்டுக் காட்ட ஆரம்பித்தால் அந்த வசதி போய்விடும்.

முதல் நாளே இந்தக் கேள்வியைக் கொடுங்கள். 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு நேர்மின்னூட்டங்கள், ஒவ்வொன்றும் 1 நானோ கூலூம். நடுப்புள்ளியில் மின்புலம் எவ்வளவு, மின்னழுத்தம் எவ்வளவு? எண்களை வேண்டுமென்றே எளிமையாக வைத்திருக்கிறேன். கூலூம் மாறிலி 9 × 10⁹, தூரம் 1 மீட்டர். ஆக ஒவ்வொரு மின்னூட்டமும் நடுவில் 9 வோல்ட் மின்னழுத்தத்தையும் கூலூமுக்கு 9 நியூட்டன் மின்புலத்தையும் தரும். மின்னழுத்தத்துக்குத் திசை இல்லை, அப்படியே கூட்டினால் 18 வோல்ட். மின்புலங்கள் எதிரெதிர்த் திசை, அடித்துக்கொண்டு சுழி ஆகிவிடும். அப்புறம் ஒரு மின்னூட்டத்தை மட்டும் எதிர்க்குறியாக்கச் சொல்லுங்கள். இப்போது மின்னழுத்தம் சுழி, மின்புலம் 18.

இந்த நான்கு விடைகளையும் அவன் கையால் எழுதியபிறகு ஒரே ஒரு கேள்வி: "மின்னழுத்தம் சுழியாக இருக்கிற இடத்தில் மின்புலமும் சுழியாகத்தானே இருக்கணும்?" பெரும்பாலான பிள்ளைகள் "ஆமாம்" என்பார்கள், சற்றுமுன் தாங்களே எழுதியது கண்முன்னால் இருக்கும்போதே. அங்கே நிறுத்துங்கள். திருத்தாதீர்கள். அவன் எழுதியதை அவனே பார்க்கட்டும். மின்புலம் என்பது மின்னழுத்தம் எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை, இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைச் சொல்கிறது என்று அந்த நேரத்தில் புரிந்தால், முதல் அலகில் பாதி முடிந்த மாதிரி. சமமின்னழுத்தப் பரப்பு, இருமுனை, மின்தேக்கி எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம். இதற்கு ஒரு வகுப்பு முழுக்கப் போனாலும் போகட்டும்.

காஸ் விதியில் நான் அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். இரண்டே விஷயம் தெளிவானால் போதும். மூடிய பரப்புக்கு வெளியே இருக்கும் மின்னூட்டம் மொத்தப் பாயத்தை (பரப்பை ஊடுருவும் மின்புலக் கோடுகளின் அளவை) மாற்றாது, ஆனால் பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் மின்புலத்தை மாற்றும். இரண்டாவது, விதி எப்போதும் உண்மை, ஆனால் மின்புலத்தைக் கணக்கிட அது உதவுவது சமச்சீர் இருக்கும்போது மட்டும்தான். கனசதுரத்தின் மையத்தில் மின்னூட்டம் இருந்தால் ஒரு முகத்தின் வழியே மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு பாயம். அதே மின்னூட்டத்தை ஒரு மூலைக்கு நகர்த்தினால் கனசதுரம் முழுவதற்கும் எவ்வளவு? எட்டில் ஒரு பங்கு. எட்டுக் கனசதுரங்களை அடுக்கிப் படம் வரைந்து அவனே கண்டுபிடிக்கட்டும்.

மின்தேக்கிக்கு வருவோம். இது மதிப்பெண் அதிகம் கிடைக்கும் இடம், அதிகம் போகும் இடமும் கூட. 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை 12 வோல்ட் பேட்டரியில் மின்னேற்றம் செய்கிறோம். மின்னூட்டம் 120 மைக்ரோ கூலூம், ஆற்றல் 720 மைக்ரோ ஜூல். இப்போது மின்காப்பு மாறிலி 2 உள்ள பலகையைத் தட்டுகளுக்கு இடையே நுழைக்கிறோம். ஆற்றல் என்ன ஆகும்?

பையன் உடனே சூத்திரத்துக்குப் பாய்வான். விடாதீர்கள். "பேட்டரி இணைப்பில் இருக்கிறதா, கழற்றியாச்சா?" என்று அவனே உங்களைத் திருப்பிக் கேட்கும் வரை காத்திருங்கள். கழற்றிவிட்டால் மின்னூட்டம் எங்கேயும் போக வழியில்லை, 120-லேயே நிற்கும். மின்தேக்குத்திறன் 20 ஆகும், மின்னழுத்தம் 6 வோல்ட்டாக இறங்கும், ஆற்றல் 360. இணைப்பிலேயே இருந்தால் மின்னழுத்தம்தான் 12-இல் நிற்கும், மின்னூட்டம் 240 ஆகும், ஆற்றல் 1440. ஒரே பலகை, ஒரு முறை ஆற்றல் பாதியாகிறது, இன்னொரு முறை இரட்டிப்பாகிறது. எது மாறாமல் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கணக்கு. மற்றதெல்லாம் பெருக்கல் வகுத்தல்.

நேரம் இருந்தால் இன்னும் ஒரு படி போங்கள். முதல் நிலையில் காணாமல் போன 360 எங்கே? தட்டுகள் பலகையை உள்ளே இழுக்கின்றன, அந்த இழுப்பு செய்த வேலைதான் அது. இரண்டாம் நிலையில் பேட்டரி கூடுதலாகக் கொடுத்த 120 மைக்ரோ கூலூமை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1440. அதில் 720 மின்தேக்கியில் சேர்ந்தது, மீதி 720 பலகையை இழுத்த வேலை. கணக்கு இப்படிக் காசுக்குக் காசு சரியாக வருவதைப் பார்க்கும்போது ஒரு மாணவனுக்கு இயற்பியல் மேல் வருகிற நம்பிக்கை பெரிது.

மின்னோட்டவியலில் பிள்ளைகள் மனதில் உள்ள தப்பான படம் உலகம் முழுக்க ஒன்றுதான்: மின்னோட்டம் பல்பில் செலவாகித் தீர்ந்துபோகிறது, பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைக் கொடுக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மாட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரு பேட்டரியில் தனி பல்பு, இன்னொன்றில் தொடரிணைப்பில் இரண்டு, மூன்றாவதில் பக்க இணைப்பில் இரண்டு. ஒளியின் வரிசையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கல்லூரி மாணவர்களில் சரியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் பார்த்ததும் இதைத்தான். இரண்டு சுற்றுள்ள கிர்க்காஃப் கணக்கை ஒழுங்காகப் போட்ட மாணவர்கள் பலர், மூன்று பல்பு உள்ள எளிய கேள்வியில் தடுமாறினார்கள். உங்கள் தம்பிக்கு வந்திருப்பது அவனுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த மூன்று பல்புக் கேள்வியைக் காகிதத்தில் கேட்காமல் மேஜையில் வையுங்கள். டார்ச் லைட்டுக்குப் போடும் 2.5 வோல்ட் பல்பு மூன்று, 1.5 வோல்ட் செல் மூன்று, கொஞ்சம் கம்பி, ஒரு சுவிட்ச். எல்.இ.டி. வாங்கிவிடாதீர்கள், இழை பல்புதான் வேண்டும். மூன்று பல்பையும் தொடராக இணைத்து, மூன்றாவது பல்புக்கு மட்டும் குறுக்கே சுவிட்சைப் போடுங்கள். சுவிட்ச் திறந்திருக்கும்போது ஆளுக்கு 1.5 வோல்ட், மூன்றும் மங்கலாக எரியும். சுவிட்சை மூடுவதற்கு முன்னால் அவன் எழுதித் தர வேண்டும்: மூன்றாவது பல்பு என்ன ஆகும், முதல் இரண்டும் என்ன ஆகும், பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் கூடுமா குறையுமா?

எழுதிய பிறகு மூடுங்கள். மூன்றாவது அணையும், முதல் இரண்டும் பளிச்சென்று ஆகும், ஒவ்வொன்றுக்கும் 2.25 வோல்ட் கிடைப்பதால். மின்தடை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் மின்னோட்டம் ஒன்றரை மடங்கு. உண்மையில் இழை சூடாகும்போது மின்தடை கூடும், அதனால் மல்டிமீட்டரில் பார்த்தால் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அந்த வித்தியாசத்தையும் மறைக்காமல் காட்டுங்கள், ஓம் விதிக்குக் கட்டுப்படாத பொருள் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். பேட்டரி கொடுப்பது மாறாத மின்னோட்டம் இல்லை என்று இந்த ஒரு சுவிட்ச் சொல்லிக்கொடுத்துவிடும். முன்கூட்டி எழுதி வாங்குவது மட்டும் முக்கியம். வேடிக்கை பார்த்தால் "எனக்குத் தெரியுமே" என்று தோன்றும். எழுதியது தப்பாகும்போதுதான் மனதில் இருக்கும் படம் அசையும்.

மின்னோட்டத்தைக் குழாய்த் தண்ணீரோடு ஒப்பிட்டுச் சொல்வதுண்டு. ஓரளவுக்கு உதவும். ஆனால் தண்ணீர் தொட்டியிலிருந்து வந்து சேர நேரமாகும், பல்போ உடனே எரிகிறது. இதற்கு விடை இழுப்புத் திசைவேகக் கணக்கில் இருக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது, கன மீட்டருக்கு 8.5 × 10²⁸ எலக்ட்ரான் என்று எடுத்துக்கொண்டு போட்டால் திசைவேகம் விநாடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் வரும். ஒரு எலக்ட்ரான் 1 மீட்டர் நகர மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அப்படியென்றால் சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எப்படி எரிகிறது? எலக்ட்ரான்கள் கம்பி முழுக்க ஏற்கெனவே இருக்கின்றன. மின்புலம்தான் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பரவி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நகர்த்துகிறது. இந்தக் கேள்வியை அவன் கேட்கவில்லையென்றால் நீங்கள் கேட்டுவிடுங்கள்.

காந்தவியலில் பிரச்சினை வேறு. இங்கே எல்லாம் முப்பரிமாணம், திசைதான் பாதிக் கணக்கு. காந்தவியல் கணக்குப் போடும் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வலக்கையில் பேனா இருக்கும், அதைக் கீழே வைக்க மனமில்லாமல் வலக்கை விதியை இடக்கையில் போட்டுப் பார்ப்பார்கள். திசை தலைகீழாக வரும். கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் இதில் போகிற மதிப்பெண் நிறைய. "விதி போடும்போது பேனாவைக் கீழே வை" என்று ஒரு பழக்கமாகவே ஆக்கிவிடுங்கள்.

விதிகளின் எண்ணிக்கையையும் குறைத்துவிடுங்கள். கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலத்துக்கு வலது கைப் பெருவிரல், விசைக்கு திசைவேகத்திலிருந்து காந்தப்புலத்தை நோக்கி விரல்களை மடக்கும் வெக்டர் பெருக்கல். கணக்குக்கு இந்த இரண்டு போதும். பிளெமிங்கின் இடக்கை விதியையும் வலக்கை விதியையும் தேர்வில் கேட்டால் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. எலக்ட்ரான் வந்தால் விடையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

நம் ஊரிலேயே இதற்கு அருமையான பயிற்சி இருக்கிறது. காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டித்தான் போகிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும், 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியதற்கும் காரணம் அதுவே. அதனால் நம் தென் மாவட்டங்களில் புவிகாந்தப்புலம் ஏறக்குறையத் தரைக்கு இணையாக, வடக்கு நோக்கி, சுமார் 40 மைக்ரோ டெஸ்லா அளவில் இருக்கிறது. கிழக்கு நோக்கிப் போகும் புரோட்டானை அது எந்தப் பக்கம் தள்ளும்? மேலே. எலக்ட்ரானை? கீழே. 1 ஆம்பியர் ஓடும் 1 மீட்டர் கம்பியைக் கிழக்கு நோக்கி வைத்தால் விசை 40 மைக்ரோ நியூட்டன். அறையில் எழுந்து நின்று, வடக்கு எது என்று பார்த்து, கையை நீட்டிச் செய்யச் சொல்லுங்கள். நோட்டில் புள்ளியும் பெருக்கல் குறியும் போட்டுக் குழம்பியவனுக்கு இது சட்டென்று பிடிபடும்.

மின்னோட்டம் ஓடும் கம்பி அருகே காந்த ஊசி திரும்புவதை ஓர்ஸ்டெட் 1820-இல் பார்த்தார், அதையும் எண்ணோடு செய்து பார்க்கலாம். 1 ஆம்பியர் ஓடும் நீண்ட கம்பியிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளிக் காந்தப்புலம் 20 மைக்ரோ டெஸ்லா. நம் ஊர்ப் புவிகாந்தப்புலத்தில் சரிபாதி. ஆகவே வடக்கு-தெற்காகப் போகும் கம்பிக்கு 1 சென்டிமீட்டர் கீழே திசைகாட்டியை வைத்தால் ஊசி எத்தனை டிகிரி திரும்பும்? டேன்ஜன்ட் மதிப்பு அரை, ஆக சுமார் 27 டிகிரி. முதலில் கணக்கு, அப்புறம் செல்லும் கம்பியும், மின்னோட்டத்தை அளக்கத் தொடரில் மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் முனை. இரண்டு மூன்று விநாடிக்கு மேல் இணைத்து வைக்காதீர்கள், கம்பியும் செல்லும் சூடாகும். வீட்டு மின்சாரத்தில் எதையும் இணைத்துப் பார்க்க வேண்டாம் என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இது முடிந்தால் செய்முறைத் தேர்வின் டேன்ஜன்ட் கால்வனாமீட்டரும் பாதி முடிந்தது. அங்கே நடப்பது இதேதான், கம்பிக்குப் பதில் வட்டச் சுருள். 5 சுற்று, 8 சென்டிமீட்டர் ஆரம் என்றால் 45 டிகிரி விலகலுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டு போகிற மாணவனுக்கு, ஆய்வகத்தில் அளவீடு தப்பாக வந்தால் உடனே தெரியும். விலகல் 30-க்கும் 60-க்கும் இடையில் இருக்கட்டும், மின்னோட்டத்தைத் திருப்பி இரண்டு பக்க அளவீடும் எடுக்கட்டும். பக்கத்தில் இரும்பு ஸ்டூல், செல்போன் இருந்தால் ஊசி அந்தப் பக்கம் இழுபடும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மின்காந்தத் தூண்டலில் பிடிபட வேண்டியது "மாற்றம்" ஒன்றுதான். ஃபாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றிச் சோதித்தபோது, பேட்டரியை இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டும் முள் துடித்தது. இடையில், மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது, ஒன்றுமே இல்லை. அதிகக் கணிதம் படிக்காத, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர் அவர். விசைக்கோடுகளை வரைந்து வரைந்தே இவ்வளவு தூரம் போனார். படம் வரைவதை நேர விரயம் என்று நினைக்கும் மாணவனுக்கு இதைச் சொல்லலாம்.

லென்ஸ் விதிக்கு நான்கு வாக்கியம் வாய்விட்டுச் சொல்ல வைப்பேன். சுருளின் வழியே காந்தப்புலம் எந்தப் பக்கம்? பாயம் கூடுகிறதா குறைகிறதா? அப்படியானால் தூண்டப்பட்ட புலம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? அதற்கு மின்னோட்டம் எப்படிச் சுற்ற வேண்டும்? இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டிக் குதித்தால்தான் தப்பு வருகிறது. "எதிர்க்கும்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் காந்தப்புலத்துக்கு எதிராகவே வரைந்துவிடுகிறார்கள். எதிர்ப்பது மாற்றத்தைத்தான். பாயம் குறைந்தால் தூண்டப்பட்ட புலம் அதே பக்கம் நின்று தாங்கிப் பிடிக்கும்.

ஏ.சி. மெக்கானிக்கிடம் அரை மீட்டர் செம்புக் குழாய்த் துண்டு கேட்டு வாங்குங்கள், உள்ளே தாராளமாக நுழையும் அளவில் ஒரு சிறு நியோடிமியம் காந்தம். சும்மா போட்டால் அரை மீட்டர் விழ மூன்றில் ஒரு விநாடி போதும். குழாய்க்குள் விட்டால் கண்ணெதிரே மெதுவாக இறங்கும். பார்த்து வியப்பதோடு விட்டுவிடாமல் கேளுங்கள்: குழாய் இன்னும் நீளமாக இருந்தால் காந்தம் நடுவிலேயே நின்றுவிடுமா? நிற்காது. நின்றால் மாற்றம் இல்லை, மாற்றம் இல்லையென்றால் தடுக்கும் விசையும் இல்லை, திரும்ப விழ ஆரம்பிக்கும். எடையும் தடுப்பு விசையும் சமமாகும் ஒரு வேகத்தில் சீராக இறங்கும். பதினொன்றாம் வகுப்பில் பாகுநிலை பாடத்தில் படித்த முற்றுத்திசைவேகம் இங்கே வந்து நிற்பதை அவனே கண்டுபிடித்தால் நல்லது.

மாறுதிசை மின்னோட்டத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் சராசரி இருமடி மூல மதிப்பு (RMS) என்பதையும், உச்சம் சுமார் 325 வோல்ட் என்பதையும் முதலில் தெளிவாக்குங்கள். பிறகு கட்டப் படம் (phasor diagram) வரையத் தெரிந்தால் மற்றது தானாக வரும். தூண்டியில் மின்னழுத்தம் முந்தும், மின்தேக்கியில் மின்னோட்டம் முந்தும். மின்தடை, தூண்டி, மின்தேக்கி மூன்றின் மின்னழுத்தத்தையும் நேராகக் கூட்டக் கூடாது, வெக்டர் மாதிரி கூட்ட வேண்டும் என்பது மட்டும் அடிக்கடி மறக்கும். மின்காந்த அலைகள் அலகு பெரும்பாலும் படித்து எழுதுவது, அவனே பார்த்துக்கொள்வான்.

இனி கணிதம். டெரிவேஷனை மனப்பாடம் செய்யும் பழக்கம் பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது. இயற்பியலில் ஆண்டுத் தொடக்கத்திலேயே தொகையீடு வந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் தொகையீட்டின் பயன்பாடுகள் இரண்டாம் தொகுதியில்தான். பதினொன்றாம் வகுப்பில் கடைசிக்கு முந்தைய பாடமாக ஓட்டமாக ஓடியது நினைவிருக்காது. உங்கள் தம்பிக்காவது கணிதம் உண்டு; தாவரவியல்-விலங்கியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஆகவே பயட்-சாவர்ட் விதியைத் தொடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கூட்டுவதுதான் தொகையீடு என்பதைக் காட்டுங்கள். வட்டச் சுருளின் அச்சில் காந்தப்புலம் எடுக்கும்போது எதிரெதிரே இரண்டு துண்டு மட்டும் வரையட்டும். அச்சுக்குச் செங்குத்தான கூறுகள் அடித்துக்கொள்கின்றன, அச்சுத் திசைக் கூறுகள் சேர்கின்றன. இந்தப் படத்தைப் புரிந்து வரைந்தவனுக்கு அந்த ஐந்து மதிப்பெண் டெரிவேஷனை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை, பாதியில் மறந்தாலும் தானே எடுத்துவிடலாம்.

மனப்பாடத்தை அடியோடு விடச் சொல்லவில்லை. பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். அதில் 25 ஐந்து மதிப்பெண் வினாக்களிலிருந்து வருகிறது, டெரிவேஷன்கள் அங்கேதான் அதிகம். அவன் ஏற்கெனவே அதில் தேறியிருக்கிறான், அந்த உழைப்பை மதியுங்கள். அதன் மேல் ஒரு கேள்வி மட்டும் சேருங்கள்: ஒவ்வொரு வரிக்கும் "இது எப்போது செல்லாது?" இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் எடுக்கும்போது தூரம் நீளத்தைவிட மிகப் பெரிது என்று எந்த வரியில் எடுத்துக்கொண்டோம்? வரிச்சுருள் நீளமாக இல்லையென்றால் எந்த வரி உடையும்? இப்படி நான்கு டெரிவேஷனைக் கிளறினால் மற்றவற்றை அவனே கிளறுவான். இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் தலா ஒரு கட்டாய வினா உண்டு, பெரும்பாலும் அது கணக்காகவே வரும். அதற்குப் புத்தகத்தின் எடுத்துக்காட்டுக் கணக்குகளும் பின்பக்கப் பயிற்சிக் கணக்குகளும் போதும், ஆனால் விடையைப் பார்க்காமல், படத்தில் ஆரம்பித்து, அலகு வரை முழுதாக.

நீட் எழுதுகிறானா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதுவதாக இருந்தாலும் ஆயிரக்கணக்கான கொள்குறி வினாப் புத்தகத்தை இப்போதே திறக்க வேண்டாம். 180 கேள்வியில் 45 இயற்பியல், தப்பு விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டுத் தள்ளுகிற பழக்கத்தோடு அங்கே போனால் சிக்கல்தான். அரையாண்டு வரை படமும் காரணமும், அதன் பிறகு நேரம் வைத்துப் பயிற்சி.

வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் தாராளம். நிலை மின்னியலுக்கும் மின்னோட்டவியலுக்கும் கொஞ்சம் அதிகமாகவே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், காந்தவியல் வேகமாகப் போகும். ஒவ்வொரு வகுப்பின் முதல் பத்து நிமிடம் போன வாரம் தப்பாக்கிய கேள்வியையே எண்ணையும் குறியையும் மாற்றித் திரும்பக் கொடுங்கள். சித்தி அடுத்த மாதமே மதிப்பெண்ணைக் கேட்பார். இடைப்பருவத் தேர்வில் பெரிதாக ஏறாமல் போகலாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். மல்டிமீட்டர், பல்பு, செல், எனாமல் பூசிய செம்புக் கம்பி, திசைகாட்டி எல்லாம் எந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முதல் வகுப்புக்கு முன்னாலேயே அவனையும் கூட்டிக்கொண்டு போய் வாங்கி வாருங்கள்.